கீபோர்டு போர்டில் அறுந்த டிராக்கைச் சரிசெய்யும் முறை: முழுமையான வழிகாட்டி

இசைக் கீபோர்டில் சில கட்டைகள் மட்டும் பேசாமல் போனால், பெரும்பாலானோர் முதலில் ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னைத்தான் கையில் எடுக்கிறார்கள். அது இந்த வேலையின் பிற்பாதியில் வர வேண்டிய கருவி. போர்டில் மின்சாரத்தைக் கடத்தும் மெல்லிய செம்புக் கோடான டிராக் அறுந்த இடத்தை மீட்டரால் உறுதி செய்து, விரிசல் விட்ட போர்டை அசையாமல் பிணைத்த பிறகு பற்றவைத்தால்தான் பழுது நிலைக்கும். இந்த வரிசை மாறியதால் சில வாரங்களில் மீண்டும் ஊமையான கீபோர்டுகளே அதிகம்.

61 கட்டைகள் கொண்ட, அடாப்டரிலும் பேட்டரியிலும் இயங்கும் சாதாரண கீபோர்டை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கட்டைகளுக்கு அடியில் உள்ள பழுப்பு நிற ஒருபக்கச் செம்பு போர்டுதான் நம் களம். பல அடுக்குகள் கொண்ட மெயின் போர்டுக்கு இந்த முறை முழுமையாகப் பொருந்தாது. அதை அனுபவமுள்ள டெக்னீஷியனிடம் ஒப்படைப்பதே நல்லது.

1. அழுக்கா, அறுப்பா என்று முதலில் பிரித்தறிதல்

கீபோர்டைத் திறப்பதற்கு முன்பே, இடது கோடியிலிருந்து வலது கோடி வரை ஒவ்வொரு கட்டையையும் மெதுவாகவும் பலமாகவும் அழுத்தி, பேசாதவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நோயின் பெயரைப் பெரும்பாலும் இந்தத் தாளே சொல்லிவிடும்.

எந்த ஒழுங்கும் இல்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கட்டைகள் பேசாமல் இருந்து, பலமாக அழுத்தும்போது மட்டும் ஒலித்தால், அது ரப்பர் பட்டைக்கும் போர்டுக்கும் இடையே சேர்ந்த தூசி. அதற்குத் துடைப்பதே மருந்து. பற்றவைக்கும் வேலை எதுவும் இல்லை.

டிராக் அறுந்திருந்தால் பேசாத கட்டைகளுக்கு ஓர் ஒழுங்கு இருக்கும். 61 கட்டைகளுக்கும் தனித்தனியே கம்பி இழுப்பதில்லை. அவற்றைக் குழுக்களாகப் பிரித்து, நெடுக்குக் கோடுகளும் குறுக்குக் கோடுகளுமாக ஒரு வலை பின்னியிருப்பார்கள். எட்டுக்கு எட்டு என்ற வலையில் 64 சந்திப்புகள் கிடைப்பதால் 61 கட்டைகள் அதில் அடங்கிவிடுகின்றன. ஒரு கோடு அறுந்தால் அடுத்தடுத்த எட்டுக் கட்டைகள் ஊமையாகும். அல்லது ஒவ்வோர் எட்டாவது கட்டையும் ஊமையாகும். ஒரு சி, அதற்கு மேல் ஒரு ஜி ஷார்ப், அதற்கும் மேல் ஒரு இ என்று வரிசை அமைந்தால் அது எட்டின் இடைவெளி. சி, எஃப் ஷார்ப், மீண்டும் சி என்று அமைந்தால், வலையை ஆறு ஆறாகப் பிரித்த ஆறின் இடைவெளி.

ஒழுங்கு பாதியில் தொடங்குகிறதா என்பதையும் கவனியுங்கள். கீழ்ப்பகுதியில் எல்லாம் பேசி, நடுவிலிருந்து மேல்நோக்கி மட்டும் ஒவ்வோர் எட்டாவது கட்டையும் ஊமையாக இருந்தால், கோடு கீழ்க்கோடியிலிருந்து புறப்பட்டு நடுவில் எங்கோ அறுந்திருக்கிறது என்று பொருள். அந்த வரிசையில் கடைசியாகப் பேசும் கட்டைக்கும் முதலில் ஊமையாகும் கட்டைக்கும் இடையில்தான் அறுப்பு இருக்கும். இந்த ஒரு குறிப்பு, தேட வேண்டிய பரப்பை ஒரு சாண் அளவுக்குச் சுருக்கிவிடும்.

விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி கூடிக் குறையும் கீபோர்டுகளில் ஒரு கட்டைக்கு இரண்டு தொடுபுள்ளிகள் உண்டு. ஒன்று முதலிலும் மற்றொன்று நொடியின் சிறு பின்னம் கழித்தும் தொடும். அந்த இடைவெளியை அளந்துதான் கருவி ஒலியின் வலிமையைத் தீர்மானிக்கிறது. இரண்டில் ஒன்றின் டிராக் மட்டும் அறுந்தால், மாடலைப் பொறுத்து, கட்டை ஊமையாகலாம் அல்லது எப்படி அழுத்தினாலும் உச்ச ஒலியில் அலறலாம். ஆகவே அலறும் கட்டைகளையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

2. வேலைக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

பாதி வேலையில் கடைக்கு ஓடுவது, திருகுகளும் ரப்பர் பட்டைகளும் தொலைவதற்கு நேர்வழி. முன்கூட்டியே எல்லாவற்றையும் சேர்த்துவிடுங்கள்.

சால்டரிங் அயர்ன் 25 வாட்டுக்கு மேல் வேண்டாம். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் வசதி இருந்தால் 320 டிகிரி செல்சியஸை ஒட்டி வையுங்கள். முனை கூராகவும் பளபளப்பாகவும் இருக்க வேண்டும். பழுப்பு போர்டு என்பது பிசின் ஊட்டி அழுத்திய காகிதம். அதன்மேல் ஒட்டியுள்ள செம்புத் தகட்டின் தடிமன் வழக்கமாக 35 மைக்ரான். அதிக வெப்பத்தில் பசை இளகி, செம்பு உரிந்து கையோடு வந்துவிடும்.

பற்றவைக்கும் ஈயம் 60/40 வகையில் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்) 0.8 மில்லிமீட்டர் அல்லது அதைவிட மெல்லியது, செம்பில் ஈயம் பிடிக்க உதவும் ரோசின் ஃப்ளக்ஸ், பழைய ஈயத்தை உறிஞ்சி எடுக்கும் செம்புப் பின்னலான மெல்லிய டீசால்டரிங் விக் ஆகியவை வேண்டும். தகரக் குழாய்களைப் பற்றவைக்கும் அமில ஃப்ளக்ஸை இங்கே ஒருபோதும் தொடாதீர்கள். அது மிச்சமிருக்கும் இடத்தில் செம்பை நாளடைவில் அரித்துவிடும்.

இணைப்பு அறாமல் இருந்தால் பீப் ஒலி எழுப்பும் மல்டிமீட்டர், உருப்பெருக்கிக் கண்ணாடி, டார்ச், கூரான பிளேடு, ட்வீசர், மாஸ்க்கிங் டேப், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பஞ்சு முனைக் குச்சிகள், பல் குச்சிகள், இரு குழாய்களில் வரும் எபாக்சி பசை ஆகியவற்றையும் எடுத்து வையுங்கள். கம்பி மூன்று வகை வேண்டும்: பல இழை வயரிலிருந்து பிரித்த ஒற்றைச் செம்பு இழை, உறையுள்ள 30 கேஜ் வயர் ராப்பிங் கம்பி, பவர் பகுதிக்கு 24 கேஜ் உறைக் கம்பி. எதை எங்கே பயன்படுத்துவது என்பது அதில் ஓடும் மின்னோட்டத்தைப் பொறுத்தது. கட்டைகளின் வலையில் ஓடுவது மிகச் சொற்பம். பவர் ஜாக்கில் ஓடுவது ஓர் ஆம்பியரை எட்டக்கூடும்.

அடாப்டரைப் பிடுங்கி, பேட்டரிகளை வெளியே எடுத்துவிட்டுத்தான் திருப்புளியைத் தொட வேண்டும். சுவர் மின்சாரம் நேரடியாக உள்ளே செல்லும் பெரிய டிஜிட்டல் பியானோவாக இருந்தால், அதன் பவர் சப்ளைப் பகுதியில் மின்தேக்கிகள் (கெப்பாசிட்டர்கள்) மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். பழக்கமில்லாதவர்கள் அதைத் திறக்க வேண்டாம். பற்றவைக்கும்போது சன்னலைத் திறந்து வையுங்கள்; ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள்.

3. திறப்பதில் ஒழுங்கு

மேசையில் தடித்த துணியை விரித்து, கீபோர்டைக் குப்புற வையுங்கள். வால்யூம் குமிழும் பட்டன்களும் அழுந்தாதபடி இரு பக்கமும் சுருட்டிய துண்டுகளை அணை கொடுங்கள்.

அடிப்பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட திருகுகள் இருக்கக்கூடும். எல்லாம் ஒரே நீளமாக இருக்காது. ஓர் அட்டையில் கீபோர்டின் உருவத்தை வரைந்து, எந்தத் திருகு எங்கிருந்து வந்ததோ அங்கேயே அட்டையில் குத்தி வையுங்கள். குட்டைத் திருகு இருந்த இடத்தில் நீளத் திருகை ஏற்றினால் அது மேல்மூடியைத் துளைக்கும், அல்லது போர்டையே பிளக்கும். அறுந்த டிராக்குகளில் சில, முந்தைய பழுதுபார்ப்பில் இப்படி மாறிப்போன திருகால் உண்டானவையே.

மூடியைச் சட்டென்று தூக்காதீர்கள். ஸ்பீக்கர் வயர்களும், பல வயர்கள் பட்டையாகச் சேர்ந்த ரிப்பன் கேபிள்களும் இரு பாதிகளையும் இணைத்திருக்கும். இரண்டு விரல் அளவு தூக்கிப் பார்த்து, கனெக்டர்களைப் படமெடுத்து, பிறகு கனெக்டரின் உடலைப் பிடித்துக் கழற்றுங்கள். வயரைப் பிடித்து இழுத்தால் புதிய அறுப்பு ஒன்றை நீங்களே உண்டாக்குவீர்கள்.

கட்டைத் தொகுதியைக் கழற்றிய பின், போர்டின் மேல் நீளநீளமான ரப்பர் பட்டைகள் தெரியும். பட்டையின் அடியில் உள்ள சிறு காம்புகள் போர்டின் துளைகளில் செருகியிருக்கும். நகத்தால் நெம்பாமல், பட்டையின் ஓரத்தைப் பிடித்து நேராக மேல்நோக்கித் தூக்குங்கள். எந்தப் பட்டை எந்த இடம், எந்த முனை இடப்பக்கம் என்பதை மாஸ்க்கிங் டேப்பில் எழுதி ஒட்டிவிடுங்கள். ரப்பரின் உட்புறக் கார்பன் பொட்டுகளில் விரல் படக் கூடாது; விரலின் எண்ணெய்ப் பசையே தொடர்பைக் கெடுக்கும்.

4. அறுந்த இடத்தைக் கண்டுபிடித்தல்

வேலையின் பாதி நேரம் இங்கே செலவாவதுதான் முறை. இந்தப் படியில் அவசரப்படுபவர்கள் நல்ல டிராக்கைச் சுரண்டிப் புண்ணாக்கிவிட்டு, அறுந்ததை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

கண்ணால் தொடங்குங்கள். விளக்கை அணைத்துவிட்டு, போர்டின் பின்புறத்தில் டார்ச்சைப் பிடித்து, முன்புறத்திலிருந்து பாருங்கள். காகித போர்டு ஓரளவு ஒளியைக் கடத்துவதால், டிராக்குகள் கறுத்த கோடுகளாகவும் விரிசல் மயிரிழை போன்ற வெளிச்சமாகவும் தெரியும். திருகுத் துளைகளைச் சுற்றியும், போர்டின் ஓர வெட்டுகளிலும், ரிப்பன் கேபிள் பற்றவைத்த வரிசையிலும், கனமான பாகங்கள் நிற்கும் இடங்களிலும் முதலில் தேடுங்கள். கச்சேரிக்கும் தேவாலயத்துக்கும் பேருந்தில் போய்வரும் கீபோர்டுகள் அடிவாங்கும்போது, அதிர்ச்சி முழுவதும் இந்த இடங்களிலேயே போய் இறங்குகிறது.

பெரும்பாலான கீபோர்டுகளில் கட்டை போர்டு இரண்டு துண்டாக இருக்கும். அவற்றை ஒரு ரிப்பன் கேபிள் இணைக்கும். மேல்பாதிக் கட்டைகளில் மட்டும் பழுது தெரிந்தால், டிராக்கைப் பார்ப்பதற்கு முன் அந்த ரிப்பனின் இழைகள் பற்றவைத்த இடத்தில் முறிந்துள்ளனவா என்று பாருங்கள். உறை முழுதாக இருந்து உள்ளே இழை முறிந்திருப்பது மிகச் சாதாரணம். டிராக் அறுந்ததாகச் சொல்லி வரும் கீபோர்டுகளில் கணிசமானவை உண்மையில் இந்த இழை முறிந்தவைதான்.

அடுத்து மீட்டர். மெயின் போர்டுக்குச் செல்லும் ரிப்பனைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். இல்லாவிட்டால் மெயின் போர்டின் வழியே வேறு பாதை கிடைத்து, அறுந்த டிராக்கும் நல்லதைப் போலக் காட்டக்கூடும். மீட்டரின் இரு அளவூசிகளான புரோப்களின் முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, மீட்டர் காட்டும் ஓம் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல டிராக்கில் அந்த அளவை ஒட்டிய எண்தான் வரும்.

ஊமையான வரிசையின் டிராக்கை ரிப்பன் முனையிலிருந்து கண்ணால் பின்தொடருங்கள். ஒரு புரோப்பை ரிப்பன் முனையின் ஈயத்தில் வைத்து, மற்றதை டிராக்கின் நடுவில் உள்ள ஏதேனும் ஓர் ஈயப் புள்ளியில் வையுங்கள். பீப் வந்தால் முதல் பாதி நல்லது. அறுப்பு இரண்டாவது பாதியில். அந்தப் பாதியை மீண்டும் பாதியாக்குங்கள். நான்கைந்து அளவைகளில் இரண்டு பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையே அறுப்பு சிக்கிவிடும். ஒரு கோடியிலிருந்து புள்ளி புள்ளியாக நகர்வதைவிட இது விரைவானது, பிழையும் குறையும்.

இங்கே மூன்று ஏமாற்றங்கள் காத்திருக்கின்றன. முதலாவது டையோடு. மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் சிறு பாகமான டையோடு, ஒவ்வொரு தொடுபுள்ளிக்கும் ஒன்று இருக்கலாம். அதைத் தாண்டி அளந்தால் பீப் வராது. அதை அறுப்பு என்று எண்ணிவிடுவார்கள். மீட்டரை டையோடு நிலைக்கு மாற்றி அளந்தால், நல்ல டையோடு ஒரு திசையில் 0.5 முதல் 0.7 வோல்ட் வரை காட்டும். மறுதிசையில் எதுவும் காட்டாது.

இரண்டாவது, வளைந்தால் மட்டும் திறக்கும் விரிசல். மேசையில் தட்டையாகக் கிடக்கும் போர்டில் விரிசலின் இரு கரைகளும் ஒட்டிக்கொண்டு பீப் வரும். கீபோர்டுக்குள் திருகி இறுக்கியதும் பிரிந்துவிடும். ஆகவே புரோப்பை வைத்தபடியே போர்டின் ஓரத்தை மிக மெல்ல மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். எண் துள்ளினால் அங்கே விரிசல் உண்டு.

மூன்றாவது, ஈயப் புள்ளியைச் சுற்றிய வளைய விரிசல். ஈயம் பளபளவென்று இருக்கும். ஆனால் அதைச் சுற்றிக் கறுத்த ஒரு வட்டக்கோடு ஓடும். பாகத்தின் காலைத் தொட்டு அளந்தால் ஒன்றும், ஈயத்துக்கு வெளியே டிராக்கைத் தொட்டு அளந்தால் வேறொன்றும் காட்டும். அதற்குப் பழைய ஈயத்தை எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தாலே போதும். 2006-க்குப் பிறகு வந்த பல போர்டுகளில் ஈயம் கலக்காத சால்டர் இருப்பதால் அது எளிதில் உருகாது. சிறிது புதிய 60/40 ஈயத்தைச் சேர்த்து உருக்கினால் குறைந்த வெப்பத்திலேயே இளகிவிடும்.

கண்டுபிடித்த இடத்தின் இருபுறமும் மெல்லிய மார்க்கரால் குறியிட்டு, படமெடுங்கள். ஒன்று கிடைத்ததும் நிறுத்திவிடாதீர்கள். விரிசல் ஒரு கோடாக ஓடும். அதன் பாதையில் குறுக்கிடும் டிராக் ஒவ்வொன்றையும் அளந்து, நல்லது, அறுந்தது என்று எழுதுங்கள். இன்று பேசும் டிராக்கும் விரிசல் கடந்து செல்லும் இடத்தில் இருந்தால், அதையும் அறுந்ததாகவே எண்ணிச் சரிசெய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

5. கறுப்புத் தடங்களை அடையாளம் காணுதல்

போர்டில் செம்பை மூடியிருக்கும் பச்சைப் பூச்சுக்கு மேல் கறுப்பாக அச்சிட்ட பகுதிகள் தெரியும். ரப்பர் தொடும் இடங்களிலும், சில போர்டுகளில் ஒரு டிராக் மற்றொன்றைத் தாண்டிச் செல்லும் பாலங்களிலும் இந்தக் கறுப்பு இருக்கும். இது கார்பன், இதில் ஈயம் ஒட்டவே ஒட்டாது.

அளக்கும்போது கார்பன் பாலம் பத்து ஓம் முதல் நூற்றுக்கணக்கான ஓம் வரை காட்டக்கூடும்; பல மீட்டர்கள் அதற்குப் பீப் கொடுக்காது. அதை அறுப்பு என்று முடிவு செய்யாமல், பக்கத்தில் உள்ள நல்ல பாலம் ஒன்றையும் அளந்து ஒப்பிடுங்கள்.

கார்பன் பாலம் உண்மையிலேயே போய்விட்டிருந்தால், அது செம்போடு சேரும் இரு முனைகளுக்கும் அப்பால் செம்பைச் சுரண்டி, உறையுள்ள கம்பியால் தாண்டுவதே நிலையான வழி. ரப்பர் தொடும் பொட்டே தேய்ந்திருந்தால், அதற்கெனக் கிடைக்கும் மின்கடத்தும் கார்பன் பெயின்ட்டை மெல்லிய தூரிகையால் பூசி, அதன் பாக்கெட்டில் சொன்ன நேரம் வரை உலரவிட வேண்டும். பென்சில் கரியைத் தேய்ப்பது சில நாள் ஒலிக்கும்; பிறகு உதிர்ந்து பக்கத்துப் பொட்டிலும் பரவும். அதைச் செய்யாதீர்கள்.

6. போர்டை முதலில் பிணைத்தல்

போர்டில் விரிசல் இல்லாமல் டிராக் மட்டும் அரித்தோ கீறலாலோ அறுந்திருந்தால் இந்தப் படியைத் தாண்டி அடுத்ததற்குச் செல்லலாம்.

போர்டு விரிந்திருந்தால், செம்பைத் தொடுவதற்கு முன் போர்டை அசையாமல் செய்ய வேண்டும். விரிந்த போர்டின் மேல் ஈயத்தை இட்டால், ஒவ்வொரு முறை கட்டை அழுந்தும்போதும் அந்த ஈயம் வளைந்து வளைந்து, ஒருநாள் முறியும். முறிந்த எலும்புக்குக் கட்டுப் போடாமல் மேலே தைலம் தடவுவது போன்றது அது.

விரிசலின் இரு கரைகளையும் ஆல்கஹாலால் துடைத்து உலர்த்துங்கள். போர்டைத் தட்டையான பலகையில் வைத்து, கரைகள் படியின்றிச் சமமாகப் பொருந்துவதைப் பார்த்து, எபாக்சியைப் பல் குச்சியால் விரிசலுக்குள் செலுத்துங்கள். செம்பு இருக்கும் பக்கத்தில் பசை வழிந்தால் உடனே துடையுங்கள். உலர்ந்துவிட்டால் அந்த இடத்தில் பற்றவைக்க முடியாது.

பிறகு, பாகங்கள் இருக்கும் பக்கத்தில், விரிசலுக்குக் குறுக்கே பழைய போர்டிலிருந்து வெட்டிய, செம்பு நீக்கிய ஒரு துண்டை எபாக்சியால் ஒட்டுங்கள். அது திருகுத் துளையையும், போர்டு உட்காரும் பிளாஸ்டிக் தாங்கியையும் மறைக்கக் கூடாது. ஒட்டும் முன் வெறுமனே பொருத்திப் பாருங்கள். பசை முழுதாக இறுக இரவு முழுவதும் விடுவது நல்லது. விரைவில் இறுகும் ஒருதுளிப் பசைகள் இங்கே போதாது. அவை அதிர்வில் நொறுங்கும். அவற்றின் ஆவி பக்கத்துத் தொடுபொட்டுகளில் வெண்படலமாகப் படியவும் கூடும்.

7. செம்பை வெளிக்கொணர்தல்

அறுப்பின் இருபுறமும் நான்கைந்து மில்லிமீட்டர் நீளத்துக்குப் பச்சைப் பூச்சை நீக்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் கம்பி பிடிக்கப் போதிய பரப்பு கிடைக்காது.

முதலில் பக்கத்து டிராக்குகளையும் கார்பன் பொட்டுகளையும் மாஸ்க்கிங் டேப்பால் மூடுங்கள். பிளேடைச் செங்குத்தாகக் குத்தாமல் சாய்த்துப் பிடித்து, டிராக்கின் நீளவாக்கில் மட்டும் மெல்லச் சுரண்டுங்கள். குறுக்கே சுரண்டினால் அந்த 35 மைக்ரான் செம்பு எளிதில் வெட்டுப்படும். சால்மன் நிறத்தில் செம்பு பளிச்சென்று தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். உப்புத்தாளால் தேய்ப்பது விரைவாகத் தோன்றினாலும், அதன் தூள் தொடுபொட்டுகளுக்குள் புகுந்து வேறு தொல்லையைத் தரும்.

பேட்டரி கசிந்தோ, தேநீர் கொட்டியோ அறுந்த டிராக்கில் செம்பு பச்சையாகவோ கறுப்பாகவோ மாறியிருக்கும். ஆல்கலைன் பேட்டரியின் கசிவு காரத்தன்மை உடையது. சிறிது வினிகரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, பிறகு தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சாலும் கடைசியாக ஆல்கஹாலாலும் துடைத்து, நன்றாக உலர்த்துங்கள். அரிப்பு பூச்சுக்கு அடியிலும் ஊர்ந்து சென்றிருக்கும். ஆகவே பளிச்சென்ற செம்பு கிடைக்கும் வரை இருபுறமும் சுரண்டிக்கொண்டே செல்ல வேண்டும். கறுத்த செம்பில் ஈயம் பிடிக்காது, பிடித்தாலும் நிற்காது.

8. ஈயம் பூசுதலும் இழை வைத்தலும்

சுரண்டிய இடத்தில் ஃப்ளக்ஸைத் தொட்டு, அயர்ன் முனையில் மிகச் சிறிது ஈயத்தை எடுத்து, செம்பின் மேல் இரண்டு மூன்று நொடிக்குள் இழுத்துவிடுங்கள். வெள்ளிப் படலம்போல மெல்லியதாகப் படர வேண்டும். குண்டாக உருண்டு நின்றால் செம்பு இன்னும் சுத்தமாகவில்லை என்று பொருள். அயர்னை அழுத்திப் பிடித்து அதை வெல்ல முயலாதீர்கள். வெப்பம் கூடினால் டிராக் உரியும். ஆறவிட்டு, மீண்டும் சுரண்டி, ஃப்ளக்ஸ் இட்டுத் தொடங்குங்கள்.

அறுப்பின் மேல் ஈயத்தை மட்டும் இட்டு இரு கரைகளையும் சேர்ப்பதே புதியவர்கள் அதிகமாகச் செய்யும் பிழை. சோதனையில் பீப் வரும். ஆனால் ஈயம் மென்மையான உலோகம், அசைவைத் தாங்காது. ஈயத்துக்கு உள்ளே செம்பு இழை ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்.

ஒற்றைச் செம்பு இழையை முதலிலேயே ஈயத்தில் நனைத்து, தேவையான நீளத்துக்கு வெட்டி, ட்வீசரால் டிராக்கின் மேல் படுக்கவையுங்கள். ஒரு முனையை அயர்னால் தொட்டு ஒட்டவைத்து, ஆறிய பின் மறுமுனையை ஒட்டுங்கள். இரண்டையும் ஒரே மூச்சில் ஒட்ட முயன்றால், இரண்டாவதைச் சூடாக்கும்போது முதலாவது நழுவும். விரிசல் விட்ட போர்டாக இருந்தால், விரிசலுக்கு நேர் மேலே இழை சிறிது வளைந்து எழும்பி நிற்கட்டும். போர்டு அசைந்தாலும் இழுபடாமல் இருக்க அந்தச் சிறு வளைவு உதவும்.

டிராக் உரிந்து எழும்பிவிட்டால் பதற வேண்டாம். உரிந்த பகுதியைப் பிளேடால் வெட்டி நீக்கிவிட்டு, அடுத்த படியில் சொல்லும் ஜம்பர் முறைக்கு மாறுங்கள். எழும்பிய செம்பைப் பசையால் ஒட்டி, அதன் மேலேயே மீண்டும் பற்றவைப்பது நிலைக்காது.

9. புள்ளியிலிருந்து புள்ளிக்கு ஜம்பர்

நெருக்கமாக ஓடும் பல டிராக்குகள் ஒரே விரிசலில் அறுந்திருந்தாலும், அரிப்பு நீண்ட தூரம் பரவியிருந்தாலும், டிராக்கின் மேல் இழை வைப்பதைவிட, அந்த டிராக் சென்று சேரும் இரு ஈயப் புள்ளிகளை உறைக் கம்பியால் நேரடியாக இணைப்பதே நல்லது. ஈயப் புள்ளியின் செம்பு வட்டம் அகலமானது. பாகத்தின் காலும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் வெப்பத்தையும் இழுவையையும் அது டிராக்கைவிட நன்றாகத் தாங்கும்.

இந்த போர்டுகளில் பொதுவாகச் செம்பும் தொடுபொட்டுகளும் ஒரே பக்கத்தில்தான் இருக்கும். அதன்மேல் ரப்பர் பட்டை உட்காரும். பட்டைக்கு அடியில் ஒரு மெல்லிய கம்பி சென்றாலும் பட்டை தூக்கிக்கொண்டு, கட்டை விட்டுவிட்டு ஒலிக்கும். ஆகவே கம்பியைப் பாகங்கள் இருக்கும் பக்கத்துக்குக் கொண்டுபோய், டையோடின் காலிலோ கம்பிப் பாலத்திலோ பற்றவையுங்கள். டையோடின் எந்தக் கால் நீங்கள் தேடும் டிராக்கைச் சேர்ந்தது என்பதை மீட்டரால் உறுதி செய்த பிறகே தொடுங்கள். கால் மாறினால் டையோடு வலையிலிருந்து விலகிப்போய், ஒரே நேரத்தில் சில கட்டைகளை அழுத்தும்போது அழுத்தாத சுரமும் சேர்ந்து ஒலிக்கும்.

கம்பியின் முனையில் இரண்டு மில்லிமீட்டர் உறையை மட்டும் நீக்குங்கள். திருகுத் தாங்கிகள், மூடியின் உட்புறப் பிளாஸ்டிக் மேடுகள், கட்டைகளின் கீழ்நோக்கிய நீட்சிகள் ஆகியவற்றின் வழியில் கம்பி குறுக்கிடக் கூடாது. ஓரிரு அங்குலத்துக்கு ஓரிடத்தில் கம்பியைச் சூட்டுப் பசையால் போர்டோடு ஒட்டுங்கள். வினிகர் மணம் வீசும் சிலிக்கான் பசையைத் தவிருங்கள். அது உலரும்போது வெளிவிடும் அமிலம் செம்பை அரிக்கும்.

10. பவர் ஜாக் அருகே அறுந்திருந்தால்

அடாப்டரின் பின் அசைந்து அசைந்து, ஜாக்கைத் தாங்கும் டிராக் அறுவது மிகவும் காணப்படும் பழுது. அடாப்டரை ஒரு பக்கமாகச் சாய்த்தால் மட்டும் கீபோர்டு உயிர்பெறும் என்றால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இங்கே மெல்லிய இழை கூடாது. ஜாக்கின் காலிலிருந்து, டிராக் சென்று சேரும் அடுத்த பெரிய ஈயப் புள்ளிக்கு 24 கேஜ் கம்பியை இழுங்கள். ஜாக்கின் உடலை எபாக்சியால் போர்டோடு பிணைத்துவிடுங்கள். பின் அசையும்போது வரும் விசை மீண்டும் செம்புக்குப் போகாமல் அதுதான் தடுக்கும். பசை ஜாக்கின் உள்ளே இருக்கும் இலைத் தகட்டுக்குள் புகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரிக்கும் அடாப்டருக்கும் மாறுவது பல மாடல்களில் அந்தத் தகட்டால்தான் நடக்கிறது.

சோதிக்கும் முன் அடாப்டரின் துருவத்தைக் கட்டாயம் பாருங்கள். காசியோவின் பழைய 9 வோல்ட் ஏடி-5 அடாப்டரில் நடுமுனை எதிர்மறை; யமஹாவின் 12 வோல்ட் பிஏ-130 அடாப்டரில் நடுமுனை நேர்மறை. கையில் கிடைத்த அடாப்டரைச் செருகினால், சரிசெய்த டிராக்கோடு மெயின் போர்டும் போய்விடக்கூடும். கீபோர்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் குறியே இறுதி.

11. துடைத்தல், அளத்தல், பூசுதல்

இந்த மூன்றையும் இதே வரிசையில் செய்யுங்கள். ஃப்ளக்ஸை ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். அழுக்கான ஆல்கஹால் தொடுபொட்டுகளின் பக்கம் ஓடாமல், உள்ளிருந்து போர்டின் ஓரத்தை நோக்கித் துடைக்க வேண்டும். பொட்டுகளில் ஃப்ளக்ஸ் பட்டிருந்தால், புதிய பஞ்சில் சிறிது ஆல்கஹால் தொட்டு அழுத்தாமல் ஒற்றி எடுங்கள். தின்னர், பெட்ரோல் போன்றவை கார்பன் அச்சையே கரைக்கக்கூடும்.

பிறகு அளவை. சரிசெய்த டிராக்கின் இரு கோடிகளுக்கும் இடையே பீப் வர வேண்டும். பக்கத்து டிராக்கோடு வரக் கூடாது. இரண்டாவது சோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒட்டிய ஈயத் துணுக்கு ஒன்று இரண்டு கோடுகளை இணைத்துவிட்டால், ஒரு கட்டையை அழுத்தினால் இரண்டு சுரங்கள் ஒலிக்கும். போர்டை மெல்ல அசைத்தபடி மீண்டும் அளந்து, எண் துள்ளாமல் நிற்பதைப் பாருங்கள்.

கடைசியாக, திறந்த செம்பின் மேல் புறஊதா ஒளியில் உலரும் பச்சைப் பூச்சையோ, நிறமற்ற நகப்பூச்சையோ மெல்லியதாகப் பூசுங்கள். கடலோர ஊர்களில் உப்புக்காற்று திறந்த செம்பை விரைவில் கறுக்கச் செய்யும். அங்கே இந்தப் படியை எக்காரணம் கொண்டும் விடக் கூடாது. அளந்து முடிக்கும் முன் பூசினால், பிழை தெரிந்தபோது எல்லாவற்றையும் மறுபடியும் சுரண்ட வேண்டியிருக்கும்.

12. பொருத்துதலும் இறுதிச் சோதனையும்

ரப்பர் பட்டையின் காம்புகளை மழுங்கிய பல் குச்சியால் துளைக்குள் மெல்ல அழுத்துங்கள். கூரான கருவி ரப்பரைக் கிழிக்கும். பட்டையின் அடியில் காற்று வெளியேறும் சிறு வழிகள் இருக்கும். அவற்றைப் பசையோ பூச்சோ அடைத்தால் அந்தக் கட்டை மட்டும் விரலுக்குக் கனமாகத் தெரியும். பட்டை எங்கும் எழும்பாமல் படிந்திருப்பதை விரலால் தடவிப் பாருங்கள்.

கட்டைத் தொகுதியின் திருகுகளை எல்லாம் ஏற்றி, வெளிமூடியை நான்கைந்து திருகுகளால் மட்டும் நிறுத்தி, மின்சாரம் கொடுங்கள். கட்டைத் தொகுதி முழுதாக இறுகியிருக்க வேண்டும். போர்டு வளைந்தால் திறக்கும் விரிசல் அப்போதுதான் வெளிப்படும். முதல் படியில் எழுதிய தாளை எடுத்து, ஒவ்வொரு கட்டையையும் மென்மையாக, நடுத்தரமாக, பலமாக என்று மூன்று விதமாக அழுத்திப் பாருங்கள்.

திருகை ஏற்றும்போது முதலில் இடப்பக்கமாகத் திருப்புங்கள். பிளாஸ்டிக்கில் இருக்கும் பழைய புரிக்குள் திருகு இறங்குவது ஒரு சிறு துள்ளலாகக் கைக்குத் தெரியும். பிறகு வலப்பக்கம் திருப்பி, தலை உட்கார்ந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் இறுக்கினால் போர்டு தாங்கியின் மேல் வளைந்து, அடுத்த விரிசலுக்கு அங்கேயே வித்திடும்.

இவ்வளவுக்குப் பிறகும் அதே வரிசை ஊமையாக இருந்தால், மெயின் போர்டில் ரிப்பன் செருகும் கனெக்டரின் கால்களை அளந்து பாருங்கள். அங்கும் வளைய விரிசல் வரும். அதுவும் நன்றாக இருந்து, கட்டை போர்டின் கோடுகள் எல்லாம் கனெக்டர் வரை தொடர்ச்சியாகக் காட்டினால், பழுது கட்டைகளை வாசிக்கும் சிப்பில் இருக்க வாய்ப்புண்டு. அந்த நிலையில் அயர்னைக் கீழே வைத்துவிட்டு, நீங்கள் எடுத்த படங்களையும் அளவைக் குறிப்புகளையும் சேர்த்து டெக்னீஷியனிடம் கொடுங்கள். அவர் மறுபடியும் முதலிலிருந்து தேட வேண்டியிருக்காது.